நாற்பது போத்தல்

மனிதவள அமைச்சர் சந்திரமதி ரெங்கம் தோட்டத்தில் பிறந்தவர். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, உலு திராம் ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் சில்லு பற்றவைத்தார். வேலை முடிந்து சட்டம் படித்ததும், தொழிற்சங்கத்தில் சேர்ந்ததும் அப்போதுதான். தேர்தலில் இரண்டு முறை மண்ணைக் கவ்வினார். "தோத்தா என்ன லா, தொகுதி முழுக்கச் சுத்திப் பாத்தாச்சே," என்று சிரித்துவிட்டு மூன்றாம் முறையும் நின்று வென்றார்.

போன மாதம் அதே தொழிற்சாலையிலிருந்து பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது. கழிவறைக்குப் போக நாற்பது பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஓர் அனுமதி அட்டைதானாம். அதிகாரிகள் இரண்டு முறை விசாரித்தும், வேலை போய்விடும் என்ற பயத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. இந்த முறையும் ஆதாரம் கிடைக்காவிட்டால் கோப்பை மூட வேண்டியதுதான். சந்திரமதி தாமே கிளம்பிப் போனார்.

மேலாளர் கனகராஜ் மாலையோடு காத்திருந்தார். மூச்சுக்கு மூச்சு 'வைபி' என்று மரியாதை வேறு. "அட்டையெல்லாம் அந்தக் காலம், வைபி. இப்ப அவங்க இஷ்டத்துக்குப் போலாம், வரலாம்."

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போச்சு? அமைச்சர் பெண்களிடமே கேட்டார். எல்லாத் தலையும் குனிந்தது. பக்கத்து நாற்காலியில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்த தோழி செல்வராணிகூட, "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க," என்றாள். அந்த 'ங்க' சந்திரமதிக்குச் சுருக்கென்று தைத்தது.

கேள்வியை விட்டுவிட்டு வாசலோர அலமாரிக்குப் போனார். பெயர் எழுதிய நாற்பது தண்ணீர்ப் போத்தல்கள். மணி இரண்டாகியும் ஒவ்வொன்றும் கழுத்துவரை நிரம்பியிருந்தது. அந்தப் பதினோரு வருடமும் இதே அட்டைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நாக்கு வறள உட்கார்ந்திருந்தவருக்கு இதற்குமேல் யார் சொல்ல வேண்டும்? ஆதாரம் கிடைத்த சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது.

"காலையில ஏழு மணிக்கு வந்தவங்க. ஒருத்தருக்குமா தாகம் எடுக்கல, கனகராஜ்?"

கனகராஜின் கண் தன்னையறியாமல் மேற்பார்வையாளரின் மேசைக்குப் போனது. சந்திரமதி நேரே நடந்து இழுப்பறையைத் திறந்தார். சிவப்புக் கயிற்றில் அட்டை கிடந்தது. அதை எடுத்துத் தம் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இது இனிமே என் கோப்புல இருக்கும்."

பிறகு செல்வராணி எழுந்தாள். தன் போத்தலை எடுத்து, நின்றபடியே மடக் மடக்கென்று கடைசிச் சொட்டுவரை குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு சந்திரமதியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் கழிவறைக்குப் போனாள்.