கவர்னருக்குக் கொடுக்கச் சொன்ன ஃபைல்

அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில் நாங்கள் இருந்த அபார்ட்மென்ட்டிலிருந்து இருபது நிமிஷம் கார் ஓட்டினால் அந்த வீடு வரும். அங்கே ஒரு முன்னாள் கவர்னர் இருந்தார். நம் ஊர் கவர்னரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே கவர்னர் என்றால் ஓட்டுக் கேட்டு ஜெயிக்க வேண்டும், நம் முதலமைச்சர் மாதிரி. இவர் வேறொரு மாநிலத்தில் மூன்று தடவை ஜெயித்து இரண்டு தடவை தோற்றவர். மனைவி போன பிறகு மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடிவந்திருந்தார். வயது எண்பதை நெருங்கியிருந்தது.

நாற்பது வருஷ அரசியலைப் புத்தகமாக்க அவருக்கு ஆசை. கை நடுங்கியதால் எழுத முடியாது. கேசட்டில் பேசி வைப்பார். அதைக் கேட்டு டைப் அடிக்க ஆள் தேவை என்று லைப்ரரி நோட்டீஸ் போர்டில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. இரண்டாயிரமாம் வருஷத்தின் கடைசி அது. எனக்கு அப்போதுதான் கிரீன் கார்டு வந்து, வேலைக்குப் போகலாம் என்று ஆகியிருந்தது. அதற்கு முன் எட்டு வருஷம் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால் சமையல், துணி, இரண்டு பிள்ளைகள், மாமியார் வந்து போன மூன்று கோடைகாலம் எல்லாம் சேர்ந்த சும்மா. சீட்டைப் பிய்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், வேறு யாரும் பார்க்கக் கூடாதென்று.

முதல் பத்து கேசட்டும் சுத்தத் தற்பெருமை. எந்தப் பாலத்தை யார் எதிர்த்தார்கள், அதை இவர் எப்படிக் கட்டிக் காட்டினார் என்று ஓடிக்கொண்டே இருக்கும். எப்படி இருக்கிறது என்று கேட்டார். தூக்கம் வருகிறது என்றேன். நீங்கள் ஜெயித்த கதையைக் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கிறது, தோற்றதைச் சொல்லுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இரண்டு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மேஜையில் புதுக் கேசட் இருந்தது.

அதற்குப் பிறகு வந்தவை கேட்கிற மாதிரி இருந்தன. விருந்துக்குப் போகும் முன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட வேண்டும், வாய் நிறைய உணவோடு யாருக்கும் பதில் சொல்ல முடியாது. மேடையில் உட்கார்ந்துகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, கடைசி வரிசைக்காரன்தான் அதை முதலில் கவனிப்பான். எதிர்க்கட்சிக்காரன் வீட்டுத் துக்கத்துக்கு முதல் ஆளாகப் போக வேண்டும். விசா, குடியுரிமை என்று வந்தவர்களுக்கு அதெல்லாம் வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு சமாசாரம், பதவியில் இருக்கும் கவர்னராலேயே ஒன்றும் ஆகாது என்று எத்தனை முறை பதில் எழுதினார் என்பதும் ஒரு கேசட்டில் இருந்தது. அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

பொங்கல் விழாவில் நான்கு பேரிடம் என் வேலையைப் பற்றிச் சொன்னேன். நான்கு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். ஓக் ட்ரீ ரோட்டில் நாங்கள் சனிக்கிழமை சாப்பிடப் போகும் ஓட்டலில்கூட எனக்குக் ‘கவர்னர் ஆபீஸ் மேடம்’ என்று பெயர் விழுந்துவிட்டது. ஆபீஸ் ஏது? ஒரு சாப்பாட்டு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், இருமும் கிழவர், குரைக்கும் நாய். ஆனால் நான் அதைத் திருத்தவில்லை. எட்டு வருஷம் கழித்து ஒரு பட்டம் கிடைத்திருக்கிறது, அதை யார் விடுவார்கள்?

அந்த ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் காரைக்குடிப் பக்கத்துக்காரர். ஒரு கலைக்குழுவுக்குச் சமைக்க வந்தவர், விசா முடிந்தும் தங்கிவிட்டார். மனைவி மகளைப் பார்த்து ஆறு வருஷம். அவரைப் போன்றவர்களும் முதலாளி மூலம் கிரீன் கார்டுக்குப் பேப்பர் போடலாம் என்று அந்த டிசம்பரில் சட்டம் வந்திருந்தது, ஏப்ரல் முடிவதற்குள் போட வேண்டும். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கையைத் துடைத்துக்கொண்டே எங்கள் மேஜைக்கு வந்தார். ஒரு நீல பிளாஸ்டிக் ஃபைலை நீட்டினார்.

“மேடம், கவர்னர் ஒரு லெட்டர் குடுத்தா ரெண்டே மாசத்துல பேப்பர் வந்துரும்னு எல்லாரும் சொல்றாங்க. பொண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்காங்க. ஒரு எட்டு போயிட்டு வந்துருவேன்.”

ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும். துளி சந்தேகமில்லாமல் தெரியும். ஆனால் நம் ஊரில் மனு வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறதே. யார் நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கி, பின்னால் நிற்கும் உதவியாளரிடம் கொடுத்துவிட வேண்டும். வாங்காவிட்டால் திமிர் என்பார்கள். வாங்கியது எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. சுற்றி நாலு மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். “குடுங்கண்ணா, சார்கிட்ட குடுத்தர்றேன்” என்று இரண்டு கையாலும் வாங்கினேன். எனக்குப் பின்னால் உதவியாளர் யாரும் இல்லாததால் காரின் பின்சீட்டில் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் மேஜைக்குக் கேட்காமலே வடை வந்தது. அதற்கடுத்த வாரம் பணியாரம்.

“இன்னும் அந்த ஃபைலைக் குடுக்கலியா நீ?” என்றார் என் கணவர்.

“குடுத்து என்ன ஆகப்போவுது? ஒண்ணும் நடக்காதுங்க.”

“அப்ப அதை அந்த மனுஷன்கிட்டயே சொல்லிரு.”

“மனசு கஷ்டப்படுவாருங்க.”

மார்ச்சில் நாங்கள் வேறு ஓட்டலுக்குப் போக ஆரம்பித்தோம். அங்கே சாம்பார் கேவலமாக இருந்தது.

ஏப்ரல் இரண்டாவது வாரம் ஒரு கேசட் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கவர்னரின் மாநிலத்தில் ஒரு சிறிய ஊர், அந்த ஊருக்கு ஒரே தொழிற்சாலை. அதை மூடப்போகிறார்கள் என்று ஊரே கையெழுத்துப் போட்டுப் பெட்டி பெட்டியாக மனு கொண்டுவந்தது. அன்று காலைதான் முதலாளிகள் அவரிடம் முடிவைச் சொல்லியிருந்தார்கள், மூடுவது உறுதி என்று. ஆனாலும் ஆபீஸ் படியில் நின்று பெட்டிகளை வாங்கினார், என்னிடம் விட்டுவிடுங்கள் என்றார். அவரை நம்பி, பக்கத்து ஊரில் கிடைத்த வேலையை எத்தனையோ பேர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாதத்தில் கதவு மூடியது. அடுத்த தேர்தலில் அந்த ஊரில் அவருக்கு ஓட்டு விழவில்லை.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். டைப் சத்தம் நின்றதும் என்ன ஆச்சு என்று கவர்னர் வந்து நின்றார். ஃபைல் கதையைச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

“அவர்கள் என்னை வெறுத்ததில் எனக்கு வருத்தமில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வெறுத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆறு மாதம் அவர்களுடையது. அதை நான் எடுத்துக்கொண்டேன்” என்றார். பிறகு, உன் ஆளுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓட்டலின் பின்கதவைத் தட்டினேன். சமையல்காரர் ஒரு மூட்டை வெங்காயத்துக்கு முன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மலர்ந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஃபைலைத் திருப்பிக் கொடுத்தேன். கவர்னர் லெட்டர் எதற்கும் ஆகாது என்றேன். லாயரைப் பார்த்தாச்சா என்று கேட்டேன்.

“இல்ல மேடம். லெட்டர் வந்ததும் சேத்துக் குடுப்போம்னு ஓனர்கிட்ட நாந்தான் சொல்லி வச்சிருக்கேன்.”

ஓனரையும் அவரையும் என் காரிலேயே ஏற்றிக்கொண்டு ஒரு லாயரிடம் போனேன். நாள் இருக்கிறது, போட்டுவிடலாம் என்றார் லாயர். மாதம் முடிவதற்குள் போட்டும் விட்டார், அதில் குறையில்லை. ஆனால் பேப்பர் கைக்கு வர வருஷக்கணக்கில் ஆகும், நடுவில் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது என்பதையும் அந்த முதல் பத்து நிமிஷத்திலேயே சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது ஓனர் கடைத்தெருவில் இறங்கிக்கொண்டார். காரில் நாங்கள் இருவர்தான்.

“இது ஆவாதுன்னு அன்னைக்கே தெரியுமா மேடம்?”

“தெரியும்ணா.”

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “மாப்பிள்ளை வீட்டுல வைகாசியிலயே கல்யாணத்தை வைக்கச் சொன்னாங்க. நாந்தான் லெட்டர் வருதுன்னு ஆவணிக்குத் தள்ளினேன். ரெண்டு தடவை வந்து சண்டை போட்டுட்டுப் போனாங்களாம்” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

மளிகைக் கடை வாசலில் பே போன் இருந்தது. நிறுத்தச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஊருக்குப் பேசும் காலிங் கார்டை எடுத்து, அந்த நீள நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினார். போய்விடலாம் என்று எனக்கு ஆசைதான். ஆனால் ஓட்டல் வரை அவரை நான்தான் கொண்டுபோய் விட வேண்டும். இரண்டடி தள்ளி நின்றேன்.

“நாந்தாம்மா அப்பா. கல்யாணத்தை வைகாசியிலயே வச்சுக்கச் சொல்லு... இல்லம்மா, நான் வரல... லெட்டரெல்லாம் இல்லம்மா. வர முடியாது. சித்தப்பாவைத் தாரை வார்க்கச் சொல்லு.”

அந்தப் பக்கம் பெண் அழுவது எனக்கே கேட்டது. பெரிய அழுகை. அவள் திரும்பத் திரும்ப ஏதோ கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர், “இல்லம்மா, வரமாட்டேன்” என்றார். பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அழுகை நின்றிருக்கும். அவர் சொல்லவில்லை.