குடிக்காதவன் வயிறு

அம்மாசி சாராயத்தைத் தொட்டவனே இல்லை. ஆனால் உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? மதுவிலக்கு வந்ததிலிருந்து வயிறு வீங்கியவனெல்லாம் கள்ளச்சாராயம் குடிக்கிறவன் என்று ஊர் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தது.

இளவயதில் வந்த மஞ்சள்காமாலை அவன் ஈரலைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. ஸ்ரீரங்கத்துத் தோப்புகளில் வாழைத்தார் ஏற்றி, பாலம் தாண்டித் திருச்சிக்கு மாட்டுவண்டி ஓட்டுவான். உப்பிய வயிற்றைத் துண்டால் இறுக்கிக் கட்டி மறைத்திருப்பான். மனைவி மயிலம்மாள் உப்பில்லாமல் ஆக்கிப் போட்டதை முகம் சுளிக்காமல் சாப்பிடுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் ஊரெங்கும் ஃப்ளூ காய்ச்சல். அம்மாசியும் விழுந்தான். மயிலம்மாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வரிசையில் அவர்களுக்குப் பின்னால், அதே காய்ச்சலோடு வந்து நின்றாள் அரியமங்கலத்து ரெங்கம்மாள். மயிலம்மாளின் மகள் மாரியாயியைத் தன் பையனுக்குப் பேசி, பூ வைக்க நாள் குறித்திருந்தவள். விதி அங்கேதான் அவளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமா?

அத்தனை கூட்டத்தில் துண்டை அவிழ்த்துப் பார்க்க டாக்டருக்கு நேரமில்லை. வாயால்தான் கேட்டார்.

“முன்னாடி ஈரல் கோளாறு, காமாலை ஏதாவது உண்டா? இருந்தா சொல்லிடும்மா. அப்படி இருக்கிறவங்களுக்கு நெஞ்சுல சளி கட்டிடும். இங்கேயே படுக்க வச்சு ஊசி போடணும்.”

அம்மாசியின் கை துண்டு முடிச்சுக்குப் போனது. மயிலம்மாள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நல்லா இருந்த மனுசன்தான்.”

மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் விட்டாற்போல் இருந்து திரும்ப ஏறியது. மூச்சு இரைத்தது, சளியில் ரத்தம் வந்தது. அவன் ஓட்டிய வண்டியிலேயே அவனைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். இந்தமுறை டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

“ஃப்ளூ ஒரு கிருமி. இப்ப நெஞ்சுல இன்னொரு கிருமி. கெட்ட ஈரல் ரெண்டையும் எப்படித் தாங்கும்? அன்னிக்கே ஏம்மா சொல்லலை?”

பென்சிலின் போட்டார்கள். மறுநாள் மதியம் அவன் போய்விட்டான்.

வாசலில் வைத்துக் குளிப்பாட்டியபோது துண்டு இல்லை. ஊரே அந்த வயிற்றைப் பார்த்தது. துக்கத்துக்கு வந்திருந்த ரெங்கம்மாளும் பார்த்தாள்.

“குடிகாரர்னு ஒரு வார்த்தை சொல்லலையே. இனிமே இந்தச் சம்பந்தம் வேண்டாங்க.”

மயிலம்மாள் ரெங்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டியவனைக் கொடுத்துக் காப்பாற்றிய சம்பந்தம் அது.

“அவரு ஒருநாளும் குடிச்சதில்லைங்க. காமாலை வந்து ஈரல் கெட்டுப்போச்சு. மாரியம்மன் சத்தியமாச் சொல்றேன்.”

ரெங்கம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

“அன்னிக்கு வரிசையிலயும் ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னீங்க.”