வாளியில் கரைத்த நோட்டு

முதலில் வந்தது வயிற்றுவலி. திங்கட்கிழமை தவறாமல் வரும், வெள்ளிக்கிழமை தவறாமல் போய்விடும். பதினைந்து வயது மகள் ஹாஜரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை. "ஸ்கூல் பஸ் ஹாரன் கேட்டா மட்டும் வர்ற வலி" என்று நான் கிண்டல் செய்தேன். அந்தக் கிண்டலை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வலி இருந்தால் சிரித்துவிடாதீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. இங்கே வளைகுடாவில், சத்வா என்ற பகுதியில் தையல்காரர்களுக்கு நூல், பட்டன், லைனிங் துணி விற்கிறேன். ஒருநாள் கடையில் இருந்தபோது பள்ளியிலிருந்து அழைத்தார்கள். ஹாஜராவின் நோட்டில் ஒரு பக்கத்தை யாரோ படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். மேலே ஒரு துப்பாக்கி, கீழே பதினொரு பெயர்கள். எல்லாம் அவள் வகுப்புப் பிள்ளைகள். அவள் பேச்சு திக்குவதை வீடியோ எடுத்துப் பரப்பியவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நாளைக்கு நோட்டுடன் வாருங்கள், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதுவரை அவள் வகுப்புக்கு வர வேண்டாம் என்றார்கள்.

எனக்கு மகளின் ஞாபகம் வரவில்லை. விசாவின் ஞாபகம்தான் வந்தது. புதுப்பிக்க மூன்று வாரம் இருந்தது. போலீஸ், கேஸ் என்று போனால் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். மனைவியின் தம்பி பஹ்ரைனில், குதைபியாவில் இருக்கிறான். போன் போட்டேன்.

"மச்சான், முதல்ல அந்த நோட்ட இல்லாம ஆக்குங்க. நோட்டு மாஃபி, கேஸ் மாஃபி. நோட்டே இல்லன்னா கேஸும் இல்ல. ஹலாஸ், முடிஞ்சுச்சு."

நானும் மனைவி பரீதாவும் குளியலறையில் உட்கார்ந்தோம். அந்த ஒரு பக்கத்தைப் பார்த்ததோடு சரி, மீதியைப் படிக்கவில்லை. நோட்டைக் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மாவு பிசைவதுபோல் பிசைந்து, கூழாக்கிக் குப்பையில் போட்டோம். ஹாஜரா கதவருகில் நின்று பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டோம்.

பள்ளி சொன்னபடி மறுநாள் பார்த்த மனநல மருத்துவர் இலங்கைத் தமிழ்ப் பெண்மணி. ஹாஜராவிடம் தனியாகப் பேசிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். கடுமையான மனச்சோர்வு (தூக்கம், பசி, ஆசை எல்லாவற்றையும் தின்றுவிடும் நோய், சோம்பலோ திமிரோ அல்ல) என்றார்.

"அந்தக் கொப்பி எங்க?"

"அந்த நோட்டு காணாமப் போச்சு டாக்டர்."

"முழுக்க வாசிச்சனீங்களோ?"

"படிச்சேன். அந்தப் பேருங்கதான்." அது இரண்டாவது பொய்.

"வீட்டில துவக்கு ஏதும் இருக்கோ?"

துப்பாக்கியைத்தான் கேட்கிறார் என்று புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. "இந்த ஊர்லயா? என்கிட்ட இருக்கறது துணி வெட்டுற கத்தரி மட்டும்தான்."

அவர் சிரிக்கவில்லை. "இல்லையெண்டது நல்லது. ஆனா அது பூட்டின ஒரு கதவு மட்டும்தான். மருந்துப் பெட்டியைப் பூட்டுங்கோ. பிள்ளையைத் தனிய விடாதேங்கோ."

இப்படிப்பட்ட நோயுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் யாரையும் தொடமாட்டார்கள், ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம் என்றும் சொன்னார். அது என் காதில் ஏறவில்லை. என் பயமெல்லாம் அந்தப் பதினொரு பேருக்கும் என் விசாவுக்கும்தான். துப்பாக்கி கிடைக்காத ஊர், எனவே யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டேன். பெட்டியைப் பூட்டவில்லை.

ஆறாம் நாள் பரீதா கீழே இருக்கும் பக்காலா கடைக்குப் பால் வாங்கப் போன நேரத்தில், விழுங்கக் கூடாததை ஹாஜரா விழுங்கியிருந்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே இரண்டு நாள் நின்றேன். மூன்றாம் நாள் அவள் கண் விழித்தாள். தொண்டையில் செருகியிருந்த குழாயை எடுத்த பிறகு குரல் காற்றுபோல் வந்தது.

"வாப்பா, பன்னெண்டாவது பேர் என்னோடது. நெக்ஸ்ட் பேஜ்ல இருந்துச்சு. நீங்க திருப்பவே இல்ல."

நான் அழுதேன். வெட்கம் பார்க்காமல், நர்சுகள் நடுவே நின்று அழுதேன். அன்றே மருத்துவரிடம் வாளியைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் பாவம், ஒன்றும் அறியாதவள் என்று சொல்லவில்லை. வேறு நாடுகளில் பள்ளிக்குள் நடந்த துப்பாக்கிச் சூடுகளின் காணொளிகளை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறாள். மருத்துவர் நேராகக் கேட்டதும், "அவங்க சாகணும்னு நெனச்சேன், நானும்தான்" என்று சொல்லியிருக்கிறாள். கோபமும் மெய், சாக நினைத்ததும் மெய். கையில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ற கேள்வியை நான் பாதியில் நிறுத்திவிடுகிறேன். பதினொரு வீடுகளின் வாப்பாமார் முகம் வருகிறது.

விசா புதுப்பித்தாயிற்று. எனக்கு ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை, சோதனையே கிடையாது. யாரும் எதுவும் கேட்கவில்லை. இதற்காகத்தான் அந்த நோட்டைக் கரைத்தேன்.

எட்டு மாதமாகிறது. மாத்திரை கொடுக்கிறோம். வாரம் ஒருமுறை மனநல ஆலோசனை (தீர்ப்புச் சொல்லாமல் கேட்கும் ஒருவரிடம் மனதைத் திறப்பது). வேறு பள்ளி. சில நாள் சாப்பிடுகிறாள், சில நாள் சுவரைப் பார்த்துப் படுக்கிறாள். குணமாகிவிட்டாள் என்று யாரும் சொல்லவில்லை. கடையில் ஈரக் காகிதம் கையில் பட்டால் என் விரல்கள் மரத்துப்போகின்றன. அவள் குளியலறைக்குப் போனால் தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை. மாதம், வருடம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். எங்களுக்கு இப்போது வெள்ளி முதல் வெள்ளிவரைதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் அவள் புது நோட்டை என் முன்னால் வைப்பாள். அது மருத்துவர் செய்த ஏற்பாடு, அவளும் ஒப்புக்கொண்டாள். எழுதியது சில வாரம் மூன்று வரி, சில வாரம் ஒரு வரி. படித்து முடித்த பிறகும் நான் மூடுவதில்லை. எழுதாத பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்புகிறேன், கடைசி அட்டைவரை. அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.