செகப்புத் தலை இட்லி

உமாராணி அடுப்படியில் நின்றால் பாதி ஆள்தான் அங்கே இருப்பாள். இட்லிச் சட்டியில் ஆவி கிளம்பியதும் மீதிப் பாதி எங்கோ மிதக்கப் போய்விடும். பால்காரர் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது.

ஆனால் அன்றைக்கு அவள் மிதந்தது மகளுக்காகத்தான். யுகேஜி படிக்கிற காளீஸ்வரி பள்ளிக்கூடத்தில் வாயைத் திறப்பதே இல்லை. டிபன் டப்பா போனபடியே திரும்பி வரும். பிள்ளை துரும்பாய் இளைத்துக்கொண்டிருந்தாள், பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

"கலர் கலரா, கையில எடுத்துத் திங்கிற மாதிரி குடுத்து விடுங்க" என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

இட்லியை நீளநீளமாக நறுக்கி, ஒரு முனையை மட்டும் கெட்டியான பீட்ரூட் சாற்றில் முக்கினாள். பக்கத்தில் பச்சைப்பயறுச் சுண்டல், கேரட் துருவல். மனசு கரிசல்காட்டின் மேல் மேகத்தோடு மேகமாக நகர்ந்துகொண்டிருந்தது. கை தன்பாட்டுக்கு அடுக்கியது. டப்பா நிறைந்ததும் அவள் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. அன்று முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தபடியே, மகள் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்பதைக் கனவு கண்டாள்.

சாயங்காலம் டப்பா கனத்தது.

"ஏட்டி, ஒண்ணுகூடவா திங்கல?"

"தீக்குச்சிய வாயில வைக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன? பக்கத்துப் பிள்ளையளக்கூட நான் தொட விடல."

உமாராணி மூடியைத் திறந்து பார்த்தாள். அடப் பாவமே! சிவப்புத் தலையெல்லாம் ஒரே பக்கம் பார்த்து, இடுக்கில்லாமல், அச்சு அசலாக அவள் ஆபீஸில் அடைக்கிற குச்சிகள்! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற நாளெல்லாம் பட்டினி கிடந்திருக்கிறாளே என்று நினைத்ததும் அழுகையும் வந்தது.

"இட்லிதான் தாயி, இங்க பாரு." ஒன்றைக் கடித்தாள்.

காளீஸ்வரி பதறிப்போய் அம்மாவின் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தாள். எங்கும் சுட்டிருக்கவில்லை. பிறகு தானும் ஒன்றை எடுத்தாள். சிவப்புத் தலையை 'ஃபூ' என்று ஊதி அணைத்துவிட்டுக் கடித்தாள். அடுத்ததையும் ஊதினாள், தின்றாள். ஆறி விறைத்துப்போன இட்லி முழுவதும் அப்படியே தீர்ந்தது.

வாயைத் துடைக்க வந்த அம்மாவின் கையைப் பிடித்து, விரல்களையும் ஒவ்வொன்றாக ஊத ஆரம்பித்தாள்.

"இது எதுக்கு?"

"நீ தெனமும் நெசக் குச்சியத் தொடுதியே."

உமாராணி கையை இழுக்கவில்லை. பத்து விரலையும் விரித்துக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.