எரியாத விளக்கை நம்பித் திருவாதவூர்ப் பக்கம்

2006ஆம் ஆண்டு ஐப்பசியில், ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, என் தங்கையின் கணவர் இறந்துவிட்டதாகத் தொலைபேசி வந்தது. அவர்கள் ஊர் திருவாதவூருக்கு அப்பால் நான்கு கிலோமீட்டர். மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை உடன்பிறந்தவன் கொண்டுபோய் அவளுக்குப் போர்த்தியாக வேண்டும். அவளுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

மழைக்காலத்தில் அந்தப் பக்கம் வண்டி ஓட்ட எண்ணுவோருக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் கடிதங்கள் வேண்டாம்.

என்னுடையது நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறிய ஜீப். அதற்கு இரண்டு வாரம் முன்பு, முன் சக்கரங்களையும் இணைக்கும் லீவரைப் போட்டால் முகப்பிலுள்ள ‘ஃபோர் வீல்’ விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டத் தொடங்கியது. கோச்சடையில் ஒரு பட்டறையில் விட்டு, “இது சிமிட்டக் கூடாது” என்றேன். மறுநாள் சிமிட்டவில்லை. முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

நிலையாக எரிந்தால் முன் சக்கரங்கள் இணைந்துவிட்டன, சிமிட்டினால் இணையவில்லை என்று கையேட்டில் தெளிவாக இருந்தது. எரியாமலே இருந்தால் என்ன பொருள் என்று, இரண்டு பட்டங்கள் பெற்ற நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

சேலை வாங்கிக்கொண்டு விளாங்குடியிலிருந்து 1.20க்குக் கிளம்பினேன். மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை வழியாகத் திருவாதவூர் போய்ச் சேர்ந்தபோது 2.35. அதன்பிறகு கண்மாய்க் கரையோரம் மண்பாதை. ஒரு கிலோமீட்டர் தாண்டியதும், 2.45க்கு, வண்டி சேற்றில் அமர்ந்தது. லீவரைப் போட்டேன். விளக்கு சிமிட்டவில்லை. ஆகவே வண்டி ஏறிவிடும் என்று நம்பி முடுக்கினேன். ஐம்பத்தைந்து நிமிடம் முடுக்கினேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் நின்று குனிந்து பார்த்தார்.

“அண்ணே, முன்னாடி சக்கரம் சும்மாதான நிக்கிது? பின்னாடி மட்டும்தான் சுத்துது.”

“நாலு சக்கரமும் போட்டிருக்கேன்.”

“நீங்க போட்டிருக்கீக. அதுக்குத் தெரியலயே. இம்புட்டுப் பெரிய டயரு என்ன படங்காட்டவா?”

சேலைப் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். மூன்று கிலோமீட்டர் சேற்றுக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. சிக்கியவுடனே இறங்கி நடந்திருந்தால் மூன்றரைக்குப் போயிருப்பேன். நான் போனது 4.25க்கு. மழை மறுபடி இருட்டிக்கொண்டு வந்ததால் சரியாக நான்கு மணிக்கே எடுத்துவிட்டார்கள். சித்தப்பா மகன் ஒருவன், யார் வீட்டுப் பீரோவிலிருந்தோ எடுத்த சேலையைத் தங்கைக்குப் போர்த்தியிருந்தான்.

அவள் அழவில்லை. என் கால்களிலிருந்த சேற்றைப் பார்த்தாள்.

“எங்கண்ணே வந்துரும், எங்கண்ணே வந்துரும்னு அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லிக்கிட்டே இருந்தேண்ணே.”

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் சிரித்த முகமாகத்தான் பேசினார்.

“பல்பக் கழட்டிட்டேன் சார். முன் சக்கரத்துக்குக் காத்து இழுக்கிற ஓஸ் வெடிச்சுக் கெடக்கு, அதான் சக்கரம் சேரல. சாமான் மெட்ராஸ்ல இருந்து வரணும், பத்து நாளாகும். நீங்கதான சார் சிமிட்டக் கூடாதுன்னீங்க?”

நான் சொல்லியிருந்தது அதைத்தான். எதற்காகச் சிமிட்டுகிறது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவரை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

இத்தகைய வண்டி வைத்திருப்போர் கவனிக்க: சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு ஓரிரு நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியாவிட்டால் பல்பு இல்லை, அல்லது எவரோ கைவைத்திருக்கிறார். சிமிட்டினால், முதலில் முன் சக்கரங்களுக்குப் போகும் ரப்பர்க் குழாய்களைத் தடவிப் பாருங்கள். அநேகமாக வெடிப்பு அங்கேதான் இருக்கும். பட்டறையிலிருந்து எடுக்கும்போதே ஈரமண்ணில் ஓட்டி, முன் சக்கரங்கள் சேற்றை வாரி அடிக்கின்றனவா என்று வெளியே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சிக்கினால் ஐந்து நிமிடம் முயலுங்கள். பிறகு நடங்கள்.

குழாய் மாற்றியாயிற்று. விளக்கு இப்போது ஒழுங்காக எரிகிறது. சேலை என் வீட்டில், கடைக்காரர் கட்டிய நூல்கூடப் பிரிக்காமல் இருக்கிறது. கோடிக்கென்று வாங்கியதைக் கடையில் திருப்பித் தர முடியாது. வேறொரு பெண்ணிடம் உடுத்தக் கொடுக்கவும் முடியாது.