அம்மாவின் ரத்தம் மிதந்தது

அப்பா ஏணியிலிருந்து விழுந்தபோது எனக்குப் பத்து வயது. கிங்ஸ் சர்க்கிளில் ஒரு துணிக்கடையின் பெயர்ப்பலகைக்கு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார் என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. வலது தொடையெலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, காலில் கயிறு கட்டி, அதன் நுனியில் ஒரு மணல் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்கப் போகும்போதெல்லாம் நான் அந்தப் பையைத்தான் பார்ப்பேன். அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை, டாக்டர் வந்து சனிக்கிழமை காலையில் ஆபரேஷன் என்றார். அதற்கு இரண்டு பாட்டில் ரத்தம் கையில் இருக்க வேண்டும். மே மாதம், கல்லூரிகள் மூடியிருக்கின்றன, முகாம் எதுவும் நடக்கவில்லை, ரத்த வங்கியில் இருப்பு இல்லை. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொடுத்துவிட்டால் நல்லது. எந்த குரூப்பாக இருந்தாலும் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் ஆபரேஷன் அடுத்த வாரம்தான். வீக்கம் ஏறிக்கொண்டே போகிறது, அப்புறம் காலுக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார்.

இதையெல்லாம் அவர் இந்தியில் சொன்னார். அம்மாவின் இந்தி காய்கறி வாங்குவதோடு நின்றுவிடும். இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்த நான்தான் வெளியிடங்களில் அம்மாவுக்கு வாய். கடைசி வாக்கியத்தை மட்டும் நான் சொல்லாமல் விட்டேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மிச்சத்தயும் சொல்லுட்டி" என்றாள். சொன்னேன்.

தாராவியில் எங்கள் சந்தில் அந்த மாதம் ஆண்களே இல்லை. கோவில் கொடைத் திருவிழாவுக்கு எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். மிஞ்சியிருந்தவர்கள் மூன்று பேர். ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவர் கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அம்மா மறுபடி போனபோது கதவைப் பூட்டிவிட்டு எங்கேயோ போயிருந்தார். மூன்றாமவர் எப்போதும்போல் நிதானத்தில் இல்லை. அம்மா அம்பர்நாத்தில் ஒரு கம்பெனியில் வேலைபார்த்த சித்தப்பாவுக்கு போன் போட்டாள்.

"ரெண்டு பாட்டில்தான மதினி? நானே குடுத்துட்டுப் போறேன்" என்று சித்தப்பா முழங்கியது எனக்கே கேட்டது. ஒருவரிடம் ஒரு பாட்டிலுக்கு மேல் எடுக்கமாட்டார்கள் என்று அம்மா சொன்னாள். "அப்பம் ஒண்ணு என் கணக்கு. நாளைக்கு ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன்."

இன்னொரு பாட்டில் வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் வந்த நேரத்தில், குழாயடியில் எல்லாப் பெண்களும் நின்றபோது, அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். அம்மா அத்தனை பேர் முன்னால் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"ஆம்பளையளக் கேட்டுப் பாத்தாச்சு. பொம்பளையளும் குடுக்கலாமாம். பிள்ள பெத்தவளுக்கு இந்த ஊசி ஒரு வலியா? ஒருத்தர் வந்தாப் போதும். அவர் கால் தப்பிரும்."

தண்ணீர் ஒரு குடம் நிரம்பி வழிந்து ஓடியது. கடைசியில், காலையில் இட்லி விற்கும் அக்கா, "நான் வாரேன்" என்றாள். அவள் வருவதைப் பார்த்து எதிர்வீட்டுப் பெரியம்மாவும் வருகிறேன் என்றாள். செம்பூரிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, அன்று விடியற்காலையிலேயே வந்திருந்தாள். அம்மாவோடு சேர்த்து நாலு பேர். ஒன்று போதும், நாலு இருக்கிறதே என்று எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

பதினோரு மணிக்குப் புறப்பட்டோம். வெயிலில் பஸ் ஸ்டாப் வரை நடந்தபோது திரும்பிப் பார்த்தேன். பத்தடி பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் சந்தின் கடைசி ரூம்காரி வந்துகொண்டிருந்தாள்.

அவளை யாரும் கூப்பிடவில்லை. புருஷனை விட்டுவிட்டு வந்து தனியாக இருப்பவள். பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டகையில் வேலை. குழாயடியில் அவளுக்கும் அம்மாவுக்கும் ஒரு பழைய சண்டை இருந்தது. அதைவிட, தனக்கென்று மட்டும் மீனும் கறியும் வாங்கி, சுடச்சுடச் சமைத்து, கதவைத் திறந்துவைத்துக்கொண்டே சாப்பிடுவாள் என்பது எங்கள் சந்துப் பெண்களுக்குப் பெரிய குறையாக இருந்தது. ஒரு பொம்பளை தனக்காக இப்படி ஆக்கித் தின்பாளா என்பார்கள். எங்கே போகிறாள் என்று பெரியம்மா முணுமுணுத்தாள்.

ரத்த வங்கி ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், மராட்டிக்காரி, மேஜைக்குப் பின்னால் இருந்தாள். சுவரில் கடிகாரம். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தானே வந்தீர்கள் என்று முதலில் கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"சாப்ட்டோம்னு சொல்லு" என்றாள் அம்மா.

அம்மா காலையிலிருந்து ஒரு டீ குடித்ததை மட்டுமே நான் பார்த்திருந்தேன். ஆனாலும் சாப்பிட்டோம் என்று சொன்னேன்.

முதலில் எடை பார்த்தார்கள், குறைவாக இருந்தால் எடுக்கமாட்டார்களாம். இட்லி அக்கா மெஷினில் ஏறும்போது அப்பாவுக்குக் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பா இருந்த கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். அதைக் கீழே வைக்கச் சொன்னதும் முள் சரசரவென்று இறங்கியது. அவ்வளவுதான், அவள் இல்லை என்று ஆகிவிட்டது. வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெரியம்மாவுக்குக் கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தார்கள். பயத்திலேயே அது எகிறிக் கிடந்தது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது இன்னும் ஏறியிருந்தது. அவளும் இல்லை.

அத்தை உட்கார்ந்தாள். மேஜைமேல் ஒரு கண்ணாடிக் குவளையில் நீல நிறத் தண்ணீர் இருந்தது. விரல் நுனியில் குத்தி, சின்னக் குழாயில் ரத்தத்தை இழுத்து, ஒரு சொட்டை அந்த நீலத்தில் விட்டாள் வெள்ளைக் கோட்டுக்காரி. சிவப்பு மணிபோல அது கொஞ்சம் இறங்கி, நின்று, மேலே வந்து மிதந்தது. நான் கைதட்டினேன். மிதப்பதுதானே நல்லது, முங்கினால்தானே ஆபத்து.

வெள்ளைக் கோட்டுக்காரி என்னை விநோதமாகப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டி, இது ஆகாது, ரத்தத்தில் சத்துக் கம்மி, மூழ்கினால்தான் எடுக்க முடியும் என்றாள். அதை அத்தையிடம் நான் எப்படிச் சொல்வது? எங்கள் குடும்பத்தில் அத்தையிடம் கம்மி என்று யாரும் எதையும் சொல்லிவிட முடியாது. "மூழ்கலையாம் அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து விரலை நீட்டினாள். அவள் அந்த ஊசியைப் பார்க்கவில்லை, குவளையையே பார்த்தாள். சொட்டு விழுந்தது. இறங்கியது. பாதிவரை போயிற்று. நான் முங்கு, முங்கு என்று மனதுக்குள் கெஞ்சினேன். பாதியில் அது நின்றது. ஏதோ நினைத்துக்கொண்டதுபோல மெல்லத் திரும்பி மேலே வந்துவிட்டது.

"இன்னொரு விரல்ல பாக்கச் சொல்லு."

சொன்னேன். விரலை மாற்றினாலும் ரத்தம் ஒன்றுதானே என்றாள் அவள். அம்மா கையை எடுக்கவில்லை, நீட்டியபடியே வைத்திருந்தாள். வெள்ளைக் கோட்டுக்காரி இடது கை விரலிலும் குத்தினாள். அந்தச் சொட்டு பாதி தூரம்கூடப் போகவில்லை.

அம்மா எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தாள். அவள் தோளில் ஒரு கை விழுந்தது. "எந்திரிம்மா. எனக்குப் பாக்கட்டும்" என்றாள் கடைசி ரூம்காரி. குடையை என் கையில் கொடுத்தாள்.

அவளுடைய சொட்டு கல்லைப் போல நேராக இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது.

அவள் உள்ளே படுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது மணி ஒன்றரை. பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் தந்த பிஸ்கட்டை ஒவ்வொன்றாகக் காபியில் நனைத்துத் தின்றாள். அம்மா அவள் அருகில் நின்றாள்.

ஒரு பாட்டில் ஆயிற்று. இரண்டு மணிக்குச் சித்தப்பா வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. இரண்டரைக்கு அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மருந்து வாங்கும் வரிசைக்குப் போனாள். "ஒவ்வொருத்தரயாக் கேளு" என்றாள்.

நான் கேட்டேன். அப்பாவுக்கு ரத்தம் வேண்டும், யாருடைய ரத்தமானாலும் பரவாயில்லை, பத்து நிமிடம்தான், வலிக்காது என்று இந்தியில் சொன்னேன். சிலர் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் தன் மனைவிக்குப் போன வாரம்தான் கொடுத்தேன் என்று கையைக் காட்டினார். ஒரு பெரியவர் நான் சொல்வதை முழுதும் கேட்காமலே ஐந்து ரூபாய் நாணயத்தை என் உள்ளங்கையில் வைத்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அதை வாங்கி அவரிடமே கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த இந்தியிலேயே, "பைசா நஹி. கூன். கூன்" என்றாள், பணமில்லை, ரத்தம் என்று. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மூன்றே கால். மூன்றரை. வெள்ளைக் கோட்டுக்காரி வாசலுக்கு வந்து, இன்னும் ஆள் வரவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள். அத்தை அப்பாவின் வார்டுக்குப் போய்த் திரும்பி வந்தாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது சித்தப்பா வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குர்லாவில் ரயில் நின்றுவிட்டது என்றார். பல வருஷம் கழித்து அவரே என்னிடம் சொன்னார், ரயில் எங்கேயும் நிற்கவில்லையாம்; இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் தாதர் வரை போய், பிளாட்பாரப் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

அவருடைய சொட்டு மூழ்கிவிட்டது. ஆனால் ஊசியைப் பார்த்ததும், "மதினி, எனக்கு நேத்து ராத்திரி லேசாக் காய்ச்சல்" என்று எழுந்துவிட்டார். கடைசி ரூம்காரிதான் பெஞ்சிலிருந்தே சத்தம் போட்டாள்.

"ஏ தம்பி, நான் குடுத்துட்டு உக்காந்து பிஸ்கட் திங்கேன் பாரு. செத்தா போனேன்? படு."

சித்தப்பா படுத்தார்.

ஆபரேஷன் நடந்தது. அப்பாவின் கால் தப்பியது. ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்து நின்ற வேகத்தில் சித்தப்பா மயங்கி விழுந்ததும், அவரை டாக்ஸியில் வைத்துக் கூட்டி வந்ததும் எங்கள் சொந்தத்தில் பெரிய கதையாயிற்று. என் உடம்பில் ஓடுவது என் தம்பி ரத்தம் என்று அப்பா வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். மற்ற பாட்டிலைப் பற்றி அம்மா அவரிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் வருகிறவர்களிடம் சொல்லவில்லை. அம்மா ரத்தம் மிதந்து கடைசி ரூம்காரி ரத்தம் முங்கியதற்கு எதிர்வீட்டுப் பெரியம்மா குழாயடியில் ஒரு விளக்கம் கொடுத்தாள். மனசு லேசானவர்களுக்கு ரத்தமும் லேசாக இருக்கும், பாவம் பண்ணின ரத்தம் கனமாக இருந்து முங்கத்தான் செய்யும் என்றாள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அம்மாவின் ரத்தம் மிதந்ததைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைசி ரூம்காரி ஒரு டப்பாவோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. ரத்தம் ஊறும் என்பார்களே, ஆட்டின் மண்ணீரல், அந்தச் சுவரொட்டியை வாங்கி மிளகு போட்டு வறுத்திருந்தாள்.

"இது ஒனக்கு. ஒனக்கு மட்டும். அந்தக் கோட்டுக்காரி சொன்னது எனக்கும் புரிஞ்சது. என் முன்னால ஒரு துண்டு தின்னு, நான் போறேன்."

அம்மா நின்றுகொண்டே ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். "நல்லா இருக்குக்கா" என்றாள். அவள் சந்து திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்து, இரண்டு தட்டு எடுத்தாள். ஆறிவரும் காலுக்கு நல்லது என்று அப்பாவுக்கு ஒரு பங்கு. வளருகிற பிள்ளை என்று எனக்கு ஒரு பங்கு. டப்பாவில் ஒட்டியிருந்த மசாலாவில் சோற்றைப் போட்டுப் பிசைந்து அவள் சாப்பிட்டாள்.

அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை. அன்று அம்மாவிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, இன்னும் இருக்கிறதா என்பதுதான்.