கணவாய் மை என்று நினைத்தார் நைனா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் கடலே இல்லை.

பதற வேண்டாம்... பனிதான். கரையில் கிடந்த படகுகள் எல்லாம் வானத்தில் மிதப்பது மாதிரி இருந்தன. அலைச்சத்தம் வேறு ஏதோ ஊரிலிருந்து வருவது போலக் கேட்டது. நான் டீ கிளாஸோடு மணலில் உட்கார்ந்திருந்தேன், அரைத் தூக்கத்தில். மீஞ்சூரில் வேலை, வாரம் முழுக்க ரயில் பிடிக்கும் ஓட்டம். கண் திறந்தபடி கனவு காண எனக்கு ஞாயிறு மட்டும்தான்.

அந்தப் பனிக்குள்ளிருந்து நைனா நடந்து வந்தார். எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். வந்தவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"இன்னா நைனா?"

"ஒண்ணுமில்லமா. லேசா கிர்ருங்குது."

நைனாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். கடலுக்குள் போய்விட்டால் சமாளித்துவிடுவார். ஃபைபர் படகை அலைக்குள் தள்ளும்போதுதான் உயிர் போகும். மணலில் காலை ஊன்றி, முட்டியை மடக்கி, மொத்த உடம்பையும் கொடுத்துத் தள்ள வேண்டும். எல்லோரும் தள்ளும்போது ஒருவர் மட்டும் வேடிக்கை பார்க்க முடியுமா?

எப்போதோ ஒரு டாக்டர் வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளைக்கு மட்டும், சாப்பிட்ட பிறகு என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் நைனாவின் படகில் முதல் வலை ஏறிய பிறகுதான் சோற்றுத் தூக்கைத் திறப்பார்கள். வலியோ கரையிலேயே வந்துவிடுகிறது. அதனால் படகு தள்ளுவதற்கு முன்னால், வெறும் வயிற்றில், கடுங்காப்பியோடு ஒரு மாத்திரை. தீர்ந்தால் காலி அட்டையை மெடிக்கலில் நீட்டினால் போதும். வலி கூடின நாளில் கூட்டாளியிடம் வாங்கி, வேறு நிறத்தில் இன்னொன்று.

கொஞ்ச நாள் என்பது மாதக்கணக்காகிவிட்டது.

அன்று நான் குடைந்து குடைந்து கேட்ட பிறகுதான் சொன்னார். இரண்டு நாளாக வெளிக்குப் போவது தார் மாதிரி கறுப்பாக இருக்கிறதாம். அதற்குக் காரணமும் அவரே வைத்திருந்தார்.

"கணவா தின்னேன்ல... மை இறங்குது."

கணவாய் மீனைப் படகிலேயே மையோடு சுட்டுத் தின்கிறவர்கள் இவர்கள். மறுநாள் அப்படிப் போவதும் உண்டு. அதனால் படகில் யாரும் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை... சிரித்திருக்கிறார்கள். பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த மணிதான், அத்தை மகன், தலையைத் தூக்கினான்.

"மாமா, கணவா வலையில பட்டு ஒரு வாரத்துக்கு மேல ஆவுது. இப்ப இன்னா மை?"

எனக்குத் தூக்கம் போய்விட்டது. தார் மாதிரி கறுப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசியலாம் என்று எங்கேயோ படித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. அன்று அந்தத் திமிர் முழுவதும் வெளியே வந்தது. நாளைக்கு வாவல் மீன் படும், திங்கட்கிழமை கழித்துப் பார்க்கலாம் என்றார் நைனா. நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால், வயிற்றில் புண். அதிலிருந்து ரத்தம். வயிறு வலிக்கவே இல்லையே என்று நைனா டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போனார்.

"முட்டி வலியை மறைக்கிற மாத்திரை வயித்து வலியையும் மறைச்சிடும்ங்க" என்றார் அந்தம்மா. வேறு நிறத்து மாத்திரையும் அதே வகைதானாம், பெயர்தான் வேறு. இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாதாம். பிரஷர், கிட்னி, இதயக் கோளாறு இருப்பவர்கள் அதைச் சொல்லிவிட்டுத்தான் இந்த மாத்திரையைத் தொட வேண்டுமாம். இனி தன்னைக் கேட்காமல் நைனா எந்த வலி மாத்திரையும் போடக்கூடாது என்றார். முட்டிக்குத் தடவ மருந்தும், உடற்பயிற்சியும் சொன்னார்.

ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெயிலில் ஒவ்வொரு சொட்டும் நின்று நிதானித்து விழுந்தது. தூக்கத்தில் நைனாவின் விரல்கள் அசைந்தன... எந்த வலையை இழுத்துக்கொண்டிருந்தாரோ. நான் அந்தக் கையைத் தொடவில்லை. இழுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருடைய பயம் எங்களுக்குப் புரிந்தது. புண்ணைப் பற்றி இல்லை. படகைத் தள்ளாத ஆளுக்குப் படகில் என்ன இடம்? சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இதைத்தான் கேட்டார், திரும்பத் திரும்ப.

டாக்டரம்மா போகலாம் என்று சொன்ன பிறகு, ஒரு காலையில் இட்லி தின்றுவிட்டுக் கரைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். வழக்கம்போல விளிம்பில் கை வைத்தார். மணி அந்தக் கையை எடுத்துவிட்டான்.

"நீ மேல ஏறி குந்து மாமா. தள்ள நாங்க இருக்கோம். மீனு எங்க கீதுன்னு நீ காட்டு, போதும்."

நைனா முறைத்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். எல்லோரும் சேர்ந்து, அவரை வைத்தபடியே அந்தப் படகைத் தண்ணீருக்குள் தள்ளினார்கள். வெயில் பட்டு மினுங்கின தண்ணீரில் அது மெல்ல மெல்லச் சிறிதாகிக்கொண்டே போனது.

முட்டி வலிக்குது, முட்டி வலிக்குது என்று இப்போது மாத்திரை போட்டு மறைக்காமல், வேலையிலிருக்கும் என்னிடம் தினமும் போனில் புலம்புகிறார்... கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா?